தொட்டியில் வளரும் மலைமரம்

நெடுமரங்கள் நிறைந்த காட்டைக் கண்டு வியவாதார் இலர். வானளாவ ஓங்கிய பழமரம் ஒன்றின் அடியில் நிற்குங்கால், நம் உள்ளத்தில் வியப்பும் பணிவும் ஒருங்கே தோன்றுகின்றன. ஒரு முழ உயரமே உள்ள மரமும் அதே வியப்பையும் பணிவையும் தோற்றுவிக்கக் கூடுமோ? கூடும் என்று காட்டியவர் கீழ்த்திசை நாட்டினர். அவர்கள் பல நூற்றாண்டுகளாக வளர்த்துவந்த கலையே போன்சாய் என வழங்கும் குறுமரக் கலை.

'போன்' என்னும் ஜப்பானியச் சொல் ஆழமில்லாத தொட்டியைக் குறிக்கும். 'சாய்' என்பது நடுதலைக் குறிக்கும். தொட்டியில் நட்டது என்பதே போன்சாய் என்பதன் பொருள். ஆயினும், தொட்டியில் நட்ட செடியெல்லாம் போன்சாய் ஆகிவிடாது. மலையிலும் கடற்கரையிலும் பன்னெடுங்காலம் காற்றோடும் மழையோடும் போராடி நின்ற முதுமரம் ஒன்றின் தோற்றம் அச்சிறு மரத்தில் விளங்க வேண்டும். அளவிற் சிறுமை, தோற்றத்திற் பெருமை. இதுவே இக்கலையின் உயிர்நாடி.

கலை வளர்ந்த கதை

இக்கலையின் தாயகம் சீன நாடு. அந்நாட்டார் இதனைப் 'பென்ஜிங்' என்பர். தாங் மரபினர் ஆண்ட காலத்தில், 706ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற ஜாங்ஹுவாய் என்னும் இளவரசனின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் உள்ளது. கற்களும் சிறு செடிகளும் அமைந்த தட்டொன்றைப் பணியாள் ஒருவர் இரு கைகளாலும் ஏந்தி நிற்கும் காட்சியை அதிற் காணலாம். சீனத்திலிருந்து இக்கலை ஜப்பானுக்குச் சென்றது. 1309ஆம் ஆண்டைச் சார்ந்த 'கசுகா கொங்கென் கெங்கி' என்னும் ஜப்பானிய ஓவியச் சுருளிலும் தட்டுகளில் வளர்ந்த சிறு மரங்கள் தீட்டப்பெற்றுள்ளன.

ஜப்பானியர் இம்மரங்களின்பால் கொண்ட அன்பை விளக்க ஒரு கதை உண்டு. 'ஹச்சி நோ கி' என்னும் பழைய நாடகம் அதனைக் கூறுகிறது. வறுமையுற்ற வீரன் ஒருவன் தன் மனைவியோடு சிறு குடிலில் வாழ்ந்தான். பனி கொட்டும் ஓர் இரவில், வழிநடையால் களைத்த துறவி ஒருவர் அவன் வாயிலில் வந்து நின்றார். குளிரால் நடுங்கும் விருந்தினருக்குத் தீ மூட்ட வீட்டில் விறகில்லை. வீரனிடம் எஞ்சியிருந்த செல்வம் மூன்று தொட்டி மரங்களே. ஒன்று பிளம், ஒன்று செர்ரி, மற்றொன்று பைன். அவன் மூன்றையும் வெட்டித் தீயிலிட்டு விருந்தினரின் குளிரைப் போக்கினான். துறவியாக வந்தவர் நாட்டை ஆண்ட ஹோஜோ தோக்கியோரி என்பது பின்னர்த் தெரியவந்தது. அவர் அவ்வீரனுக்கு மூன்று ஊர்களைப் பரிசாக வழங்கினார். அம்மூன்று ஊர்களும் அம்மூன்று மரங்களின் பெயரைத் தாங்கியவை. பொன்னையும் பொருளையும் இழந்த பின்னும் ஒருவன் விடாது காத்த செல்வம் மரம். அதனையும் விடத்தக்கது எனக் கருதச் செய்தது விருந்தோம்பல். இரண்டின் பெருமையையும் இக்கதை ஒருங்கே உணர்த்துகிறது.

இக்கலைக்கென்றே ஓர் ஊரும் உண்டு. 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் டோக்கியோ நகரை அழித்த பெருநிலநடுக்கத்தில், அங்கு வாழ்ந்த போன்சாய்த் தோட்டக்காரர் பலர் தம் இடத்தை இழந்தனர். தூய நீரும், நல்ல காற்றும், பரந்த நிலமும் நாடிய அவர்கள், நகருக்கு வடக்கே உள்ள ஓமியாவில் 1925ஆம் ஆண்டில் போன்சாய் ஊர் ஒன்றை நிறுவினர். அங்குக் குடியேறுவோர் பத்து மரங்களுக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும். தோட்டத்தை எவரும் வந்து காணுமாறு திறந்து வைத்தல் வேண்டும். மாடி வீடு கட்டலாகாது. மதில் எழுப்பாமல் உயிர்வேலியே அமைத்தல் வேண்டும். இவை அவர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதிகள். மாடி வீட்டின் நிழல் அயலார் மரங்களின் மேல் விழலாகாது. ஒருவர் மரத்தின் அழகு மற்றவர் கண்ணுக்கு மறைவாக இருத்தலும் ஆகாது. இவ்வூரை அடுத்து, 2010ஆம் ஆண்டில் போன்சாய்க் கலைக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது.

ஜூனிப்பர் என்னும் மரம்

போன்சாய்க்குக் கொள்ளும் மரங்கள் பல. அவற்றுள் பைன் மரத்துக்கு அடுத்த சிறப்பு ஜூனிப்பருக்கு உண்டு. ஜப்பானில் இதன் ஒரு வகையை 'ஷிம்பாக்கு' என்பர். ஷிக்கோக்குத் தீவின் இஷிசூச்சி மலையிலும், நீகாட்டா மாநிலத்து இத்தோய்காவாவை அடுத்த சுண்ணாம்புப் பாறைகளிலும் இது தானே வளர்ந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மரங்களைத் தேடிச் சென்றோர், செங்குத்தான பாறைகளில் கயிற்றைக் கட்டி இறங்கி, பாறை இடுக்குகளிலிருந்து இவற்றைப் பெயர்த்தெடுத்தனர். அம்முயற்சியில் உயிரிழந்தோரும் உண்டு. இன்றோ, கிளைத் துண்டுகளை நட்டு வேர்விடச் செய்து தோட்டங்களிலேயே இம்மரங்களைப் பெரும்பாலும் வளர்க்கின்றனர்.

மலையுச்சியில் நிற்கும் ஜூனிப்பரின் வாழ்வு எளிதன்று. பனியின் சுமை கிளைகளைத் தாழ்த்தும். உருண்டு வரும் கல் பட்டையை உரிக்கும். மின்னல் நுனியைக் கருக்கும். ஓயாத காற்று ஒரு பக்கத்துக் கொழுந்துகளை உலர்த்தும். இங்ஙனம் மரத்தின் ஒரு பகுதி இறந்துபடும். ஆனால் மரம் முழுவதும் இறப்பதில்லை. ஜூனிப்பரில் ஒரு பக்கத்து வேர் பெரும்பாலும் அப்பக்கத்துக் கிளைகளுக்கே நீர் ஊட்டும். ஆதலின், ஒரு வேர் பட்டுப்போனால் அதனைச் சார்ந்த கிளை மட்டும் பட்டுப்போகும், மற்றவை வாழும். பட்டை கழன்ற பகுதி வெயிலில் வெளுத்து எலும்புபோல் நிற்கும். வைரம் பாய்ந்த அக்கட்டை எளிதில் உளுத்துப்போவதில்லை. அதன் அருகே செம்பழுப்பு நிறமுள்ள உயிர்ப்பட்டை ஒரு நாடாவைப்போல முறுக்கி மேலேறி, உச்சியிலுள்ள பசுந்தழைக்கு நீரைக் கொண்டு செல்லும். சாவும் வாழ்வும் ஒரே தண்டில் அருகருகே நிற்கும் இத்தோற்றமே ஜூனிப்பரின் தனிச்சிறப்பு. பட்ட கிளையை 'ஜின்' என்றும், பட்டை நீங்கிய தண்டுப் பகுதியை 'ஷாரி' என்றும் ஜப்பானியர் வழங்குவர்.

பயில்வோர் முதலில் அறிய வேண்டுவன

புதிதாகப் பயில்வோர்க்கு ஜூனிப்பர் ஏற்ற மரம். அதன் கிளை வளைந்து கொடுக்கும்; இலை இயல்பாகவே சிறியது; விலையும் மிகுதியன்று. ஆயினும் அது பொறுமையற்றவர் கையில் எளிதில் இறந்துபடுவதும் உண்டு. ஆதலின் கத்தரியைக் கையில் எடுக்கும் முன் மூன்று உண்மைகளை உணர்தல் வேண்டும்.

முதலாவது, ஜூனிப்பர் வீட்டுக்குள் வாழாது. அதற்கு நாள்தோறும் நேர் வெயில் வேண்டும், காற்று வேண்டும், குளிர்காலத்தில் ஓய்வு கொள்ளக் குளிரும் வேண்டும். அழகுப் பொருள் எனக் கருதி மேசைமேல் வைத்தவர் பலர் சில மாதங்களில் அதனை இழந்திருக்கின்றனர்.

இரண்டாவது, ஜூனிப்பர் தன் துன்பத்தை உடனே வெளிக்காட்டாது. வேர் இறந்த பின்னரும் பல வாரங்கள் இலை பசுமையாகவே இருக்கும். நிறம் மாறியதை நாம் காணும்போது உதவிக்குரிய காலம் கடந்து போயிருக்கும். எனவே, இலை பசுமையாக உள்ளது என்பதைக் கொண்டு மட்டும் மரம் நலமாக உள்ளது என எண்ணலாகாது. நுனிகளில் புதிய கொழுந்து ஓடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, இலையே இல்லாத கிளையிலிருந்து ஜூனிப்பர் மீண்டும் துளிர்ப்பது அரிது. வேம்பையும் புளியையும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தளிர் வெடிக்கும். ஜூனிப்பரின் இயல்பு அவ்வாறன்று. ஒரு கிளையின் பச்சை முழுவதையும் நீக்கிவிட்டால் அக்கிளை இறந்தது எனவே கொள்ளலாம். தவறான எழுத்தை அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். தவறாக வெட்டிய கிளையை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவே, ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் எண்ணுதல் இங்கு இன்றியமையாதது.

உருவம் அமைக்கும் முறை

தோட்டத்தில் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உயரத்தையோ தழையின் செறிவையோ நோக்கலாகாது. அடிமரத்தையே நோக்குதல் வேண்டும். அடி பருத்து மேலே செல்லச் செல்ல மெலிந்து, இயல்பாகவே ஒரு வளைவு உடைய மரம் சிறந்தது. தண்டைப் பருக்கச் செய்யப் பல ஆண்டுகள் ஆகும். கிளையைத் திருத்தச் சில ஆண்டுகளே போதும்.

பின்னர், மேல்மண்ணை மெல்ல விலக்கி, அடிமரத்திலிருந்து வேர்கள் பிரிந்து பரவும் இடத்தைக் காணுதல் வேண்டும். நிலத்தைப் பற்றிப் பிடித்தாற்போல நாற்புறமும் பரந்த வேர்களே மரத்துக்கு முதுமையையும் உறுதியையும் தருவன. அதன்பின் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அதன் முன்புறம் எது என்று முடிவு செய்தல் வேண்டும். வேர் அகன்று தோன்றுவதும், தண்டின் வளைவு நன்கு புலப்படுவதும், உச்சி நம்மை நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பதுமான பக்கமே முன்புறம் ஆதற்கு உரியது. இப்பணிக்கு அரை மணி நேரம் செலவானாலும் அது வீணன்று.

அடுத்து, வடிவத்தைத் துணிதல் வேண்டும். நேர் நிமிர்ந்தது, வளைந்து நிமிர்ந்தது, ஒருபுறம் சாய்ந்தது, காற்றால் ஒரே திசையில் அடிக்கப்பட்டது, மலைச்சரிவில் கீழ்நோக்கித் தொங்குவது எனப் போன்சாய் வடிவங்கள் பல. இவற்றுள் எதனை விரும்புகிறோம் என்பதைவிட, எதற்கு அம்மரம் இயல்பாகவே இடந்தருகிறது என்பதே முதன்மையானது. சாய்ந்து வளர்ந்த மரத்தை நிமிர்த்த முயல்வதும், நிமிர்ந்த மரத்தைத் தொங்கவிட முயல்வதும் தொடக்க நிலையினர்க்கு ஆகா. புதியோர்க்கு வளைந்து நிமிர்ந்த வடிவமே எளிது.

இனித் தூய்மை செய்தல். உட்புறத்தில் வெயிலின்றி உலர்ந்த சுள்ளிகளையும், கிளையின் அடிப்புறத்தில் தொங்கும் மெலிந்த தளிர்களையும் நீக்குதல் வேண்டும். இதனால் கிளைகளின் அமைப்பு கண்ணுக்குத் தெளிவாகும்; உள்ளே ஒளியும் காற்றும் புகும். ஆனால், அடிமரத்தை ஒட்டியுள்ள வலிமையான சிறு தளிர்களை நீக்கலாகாது. வருங்காலத்தில் கிளையைக் குறுக்க வேண்டுமானால் அத்தளிர்களே துணையாவன.

பிறகு, எந்தக் கிளைகளை வைத்துக்கொள்வது என்பதைத் துணிதல் வேண்டும். கீழ்க்கிளை மரத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அமைதல் அழகு. தண்டு வளையுமிடத்தில் வளைவின் வெளிப்புறத்துக் கிளையை வைத்துக்கொண்டு உட்புறத்துக் கிளையை விடுதல் வேண்டும். ஒரே உயரத்தில் இருபுறமும் நேரெதிரே நீளும் கிளைகளுள் ஒன்றே எஞ்ச வேண்டும். கீழிருந்து மேலே செல்லச் செல்லக் கிளைகள் மெலிந்தும், குறுகியும், நெருங்கியும் அமைதல் வேண்டும். சில கிளைகள் பின்புறம் செல்லுதலும் வேண்டும். அவை இல்லாவிடில் மரம் சுவரில் ஒட்டிய படம்போல் தட்டையாகத் தோன்றும். இவை யாவும் மனிதர் விதித்த கட்டளைகள் அல்ல. திறந்த வெளியில் நிற்கும் முதுமரங்களை உற்றுநோக்கி அறிந்த உண்மைகளே இவ்விதிகளாயின.

வேண்டாத கிளையை அடியோடு வெட்டிவிடுதலும் கூடாது. ஒரு விரல் நீளமேனும் விட்டு வெட்டினால், அதுவே பின்னர் 'ஜின்' ஆகப் பயன்படும். ஒரே முறையில் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்காதிருத்தல் புதியோர்க்குப் பாதுகாப்பான அளவு. மரம் தன் உணவைத் தழையிலேதான் சமைக்கிறது. அடுப்பை அழித்துவிட்டு உணவை எதிர்பார்த்தல் எங்ஙனம்?

கம்பி சுற்றுதல்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நம் முன்னோர் கேட்டனர். இளங்கிளை எளிதில் வளையும் என்பது உண்மையே. ஆனால் வளைத்த கிளையைக் கையை எடுத்ததும் விட்டுவிட்டால் அது பழைய நிலைக்கே திரும்பும். அதனை வளைத்த நிலையில் நிறுத்தி வைக்கவே கம்பி பயன்படுகிறது. காய்ச்சி மென்மையாக்கிய செம்புக் கம்பியையோ அலுமினியக் கம்பியையோ இதற்குக் கொள்வர். கம்பியின் பருமன் கிளையின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருத்தல் வேண்டும்.

கம்பியை 45 பாகைச் சாய்வில், சீரான இடைவெளியில் சுற்றுதல் வேண்டும். இறுகச் சுற்றினால் பட்டை நசுங்கும். தளரச் சுற்றினால் கிளை நிற்காது. அருகருகே உள்ள இரண்டு கிளைகளை ஒரே கம்பியால் இணைத்து, இடையிலே அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் பிடிப்பு உண்டாகும். இலைகளைக் கம்பிக்குள் சிக்கவிடலாகாது. பருத்த கிளைகளில் தொடங்கி மெல்லிய சுள்ளிகளில் முடித்தல் முறை.

சுற்றிய பின்னரே வளைத்தல் வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி அமையுமாறு பார்த்து, இரு கட்டைவிரல்களையும் உட்புறத்தில் ஊன்றி, மெல்ல மெல்ல வளைத்தல் வேண்டும். கிளை முறுகும் ஒலி கேட்டால் உடனே நிறுத்துதல் நன்று. பருத்த கிளையாயின், நனைத்த நாரை அதன்மேல் இறுகச் சுற்றிய பின்னரே கம்பி சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக வளைப்பர். இங்ஙனம் ஐம்பதும் வளைகிறது. ஆனால் ஐந்துக்கு ஒரு நாள் போதுமெனின், ஐம்பதுக்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

வளைத்த கிளை அந்நிலையிலேயே நிற்பது எதனால்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது பருவந்தோறும் புதிய கட்டையை அடுக்கி வளர்க்கிறது. வளைத்த நிலையில் புதிதாக வளர்ந்த கட்டை, அந்நிலையையே கிளையின் இயல்பாக ஆக்கிவிடுகிறது. ஆகவே, கிளையை நிலையாக வளைப்பது நம் கைவலிமையன்று, மரத்தின் வளர்ச்சியே. நோயுற்று வளராத மரத்தில் கம்பி சுற்றுவதால் பயனில்லை என்பதும் இதனால் விளங்கும்.

கம்பி சுற்றிய மரத்தை அடிக்கடி நோக்கி வருதல் வேண்டும். கிளை பருக்கும்போது கம்பி பட்டையில் புதையத் தொடங்கும். அதற்கு முன்னரே அதனை நீக்குதல் வேண்டும். இல்லையேல் திருகாணித் தழும்பு பல ஆண்டுகள் மறையாது. நீக்கும்போது கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கழற்றாமல், குறட்டினால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தலே கிளைக்குத் தீங்கற்ற வழி.

பட்டவற்றையும் அழகுறச் செய்தல்

வெட்டாமல் விட்ட கட்டையின் பட்டையைக் கத்தியால் கீறி உரித்து, குறட்டினால் நாரைப் பற்றி இழுத்தால், புயலில் முறிந்த கிளைபோல் இயற்கையான தோற்றம் உண்டாகும். கத்தியால் சீவிக் கூராக்கினாலோ அது எழுதுகோல்போல் தோன்றும். சில வாரங்கள் உலர்ந்த பின், சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைத் தூரிகையால் பூசுவர். பூசும்போது மஞ்சளாக உள்ள அது, காய்ந்தபின் வெண்மையாகும். கட்டையைப் பூஞ்சணத்திலிருந்தும் காக்கும்.

தண்டில் 'ஷாரி' அமைப்பதைப் புதியோர் முதலாண்டிலேயே மேற்கொள்ளலாகாது. உயிர்ப்பட்டையின் வழி எது என்று அறியாமல் உரித்தால், ஒரு கிளைக்குரிய நீர்வழியையே அறுத்துவிட நேரும்.

உருவம் அமைத்த பின்

உருவம் அமைத்தவுடன் சிலர் மரத்தை அழகிய தொட்டிக்கு மாற்ற விரைவர். பெரும்பாலும் மரம் இறப்பது இவ்விரைவினாலேயே. தழையையும் குறைத்து, கிளையையும் வளைத்து, அதே நாளில் வேரையும் வெட்டினால் அது எங்ஙனம் தாங்கும்? ஓராண்டில் ஒரு பெரும்பணியே செய்தல் நல்லது. அடுத்த ஆண்டின் இளவேனிற்காலத்தில், மரம் வலிமையுற்றிருக்கக் கண்டு, தொட்டி மாற்றலாம். அப்போதும் வேர் முழுவதையும் கழுவி வெட்டாமல், பழைய மண்ணில் ஒரு பகுதியை வேரோடு விட்டுவைத்தல் வேண்டும். தொட்டியின் மண் களிமண்ணாக இறுகாமல், நீர் விரைவில் வடியும் பருக்கை மண்ணாக இருத்தல் வேண்டும். ஜப்பானியர் 'அகடாமா' என்னும் பருக்கைக் களிமண்ணோடு எரிமலைக் கற்களைக் கலந்து கொள்வர்.

உருவம் அமைத்த மரத்தைச் சில வாரங்கள் கடுவெயிலும் பெருங்காற்றும் படாத இடத்தில் வைத்து, இலைகளின்மேல் நீரைத் தூவி வருதல் வேண்டும். புதிய கொழுந்து காணும்வரை எரு இடலாகாது. நீர் வார்க்கும்போது, தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை பூவாளியால் நிறைய வார்த்தல் வேண்டும். மேல்மண் சற்று உலரத் தொடங்கிய பின்னரே மீண்டும் வார்த்தல் வேண்டும். நாள் பார்த்தோ மணி பார்த்தோ வார்ப்பது பயனற்றது. மண்ணைத் தொட்டுப் பார்த்தே வார்த்தல் வேண்டும். நீர் வார்க்கக் கற்றுக்கொள்ளவே மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது ஜப்பானியத் தோட்டக்காரரிடையே வழங்கும் முதுமொழி. குருவிடம் பயிலும் மாணாக்கன் கத்தரியைத் தொடுமுன் பூவாளியை ஏந்தக் கற்கிறான்.

பின் ஆண்டுகளில், நீண்டோடிய கொழுந்துகளை மட்டும் கத்தரியால் நறுக்கி வருதல் வேண்டும். முன்னாளில் எல்லா நுனிகளையும் நகத்தால் கிள்ளும் வழக்கம் இருந்தது. அதனால் மரம் நலிவதைக் கண்ட வல்லுநர் பலர் இன்று அதனை விலக்குகின்றனர். மிகுதியாக வெட்டப்பட்ட ஜூனிப்பர், தன் மெல்லிய செதிலிலைகளை விட்டு, இளஞ்செடிக்குரிய கூரிய ஊசியிலைகளை விடத் தொடங்கும். 'என்னை அளவுக்கு மீறி வருத்தினாய்' என்று மரம் கூறும் மறுமொழியே அது எனலாம்.

இது மரத்தைத் துன்புறுத்துவது ஆகாதோ?

ஓங்கி வளர வேண்டிய மரத்தைக் கம்பியால் கட்டித் தொட்டியில் அடைப்பது கொடுமையன்றோ எனச் சிலர் வினவுவர். இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. உணவும் நீரும் குறைத்து மரத்தைக் குள்ளமாக்குகின்றனர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பட்டினியுற்ற மரம் இறக்குமேயன்றிப் போன்சாய் ஆகாது. வேர் பரவும் இடம் சிறிதாக இருப்பதாலும், நுனி அவ்வப்போது நறுக்கப்படுவதாலுமே மரம் சிறிதாக நிற்கிறது. அதன் மரபியல்பு மாறுவதில்லை. அதே மரத்தை எடுத்து நிலத்தில் நட்டால், அது தன் இனத்துக்குரிய உயரத்தை நோக்கி மீண்டும் வளரும். நன்கு பேணப்பெறும் போன்சாய், காட்டில் நிற்கும் தன் இனத்து மரத்தினும் நெடுநாள் வாழ்தலும் உண்டு. அங்கு வறட்சியும் பூச்சியும் நேர்ந்தால் காப்பார் இலர். இங்கு நாள்தோறும் ஒருவர் வந்து பார்க்கின்றார்.

ஆயினும், இவ்விடையில் ஒரு கடமை அடங்கியுள்ளது. நிலத்து மரம் மழையை நம்பி வாழும். தொட்டி மரமோ நம்மை நம்பி வாழ்கிறது. கோடையில் இரண்டு நாள் நீர் வார்க்க மறந்தால், நூறாண்டு மரமும் இறந்துபடும். அப்பொறுப்பை ஏற்கவியலாதவர் இக்கலையைத் தொடாதிருத்தலே அறம்.

தலைமுறைகள் காத்த மரம்

அப்பொறுப்பைத் தலைமுறை தலைமுறையாக ஏற்ற குடும்பம் ஒன்று ஹிரோஷிமாவில் வாழ்ந்தது. யமாக்கி என்னும் அக்குடும்பத்தாரின் தோட்டத்தில், 1625ஆம் ஆண்டு தொடங்கிப் போன்சாயாக வளர்க்கப்பட்ட வெண்பைன் மரம் ஒன்று நின்றது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை அந்நகரின்மேல் அணுகுண்டு வீசப்பட்டது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் அவர்கள் வீடு இருந்தது. சன்னற் கண்ணாடிகள் நொறுங்கிச் சிதறின. எனினும் வீட்டார் உயிர் பிழைத்தனர். உயர்ந்த சுவர் ஒன்றின் மறைவில் நின்ற மரமும் பிழைத்தது.

1976ஆம் ஆண்டில், அமெரிக்க நாடு விடுதலை பெற்ற இருநூறாவது ஆண்டு விழாவுக்கு ஜப்பானியர் 53 போன்சாய் மரங்களை அன்பளிப்பாக வழங்கினர். அவற்றுள் மசாரு யமாக்கி தந்த அவ்வெண்பைனும் ஒன்று. தம் நகரை அழித்த குண்டை வீசிய நாட்டுக்கே அவர் அதனைக் கொடுத்தார். அது ஹிரோஷிமாவில் பிழைத்த மரம் என்பதை வாஷிங்டன் நகரத்து மரப் பூங்காவினர் அறியாமலேயே கால் நூற்றாண்டுக் காலம் அதற்கு நீர் வார்த்து வந்தனர். 2001ஆம் ஆண்டில் யமாக்கியின் பேரர் இருவர் அம்மரத்தைக் காண வந்தபோதே அவ்வரலாறு வெளிப்பட்டது.

1625இல் அம்மரத்தைத் தொட்டியில் வைத்தவர் அதன் இன்றைய அழகைக் கண்டவர் அல்லர். பின்வந்தோர் ஒவ்வொருவரும் தம் முன்னோரிடமிருந்து பெற்று, தம் காலமெல்லாம் காத்து, பிறர் கையில் கொடுத்துச் சென்றனர். முடிவு கண்டு மகிழும் கலை அன்று இது. முடிவில்லாத பணியில் தம் பங்கைச் செவ்வனே செய்யும் கலை. இன்று சிறு ஜூனிப்பர் ஒன்றின் கிளையில் முதன்முதலாகக் கம்பி சுற்றும் இளைஞன், பயன் கருதாத அந்நெடும் வரிசையில் தானும் ஒருவனாகச் சேர்கிறான். எண்ணி வெட்டுதல், மெல்ல வளைத்தல், நாள்தோறும் நோக்குதல் என்னும் மூன்றையும் அம்மரம் அவனுக்குக் கற்பிக்கும். அவற்றைக் கற்றவன் மரத்துக்கு உருவம் அமைத்தான் என்பதோடு, மரமும் அவனுக்கு உருவம் அமைத்தது என்று கூறுதல் பொருந்தும்.

பயிற்சி

1. போன்சாய் என்னும் சொல்லின் பொருள் யாது? தொட்டியில் வளரும் செடியெல்லாம் போன்சாய் ஆகாமைக்குக் காரணம் என்ன?
2. ஓமியா ஊரார் வகுத்துக்கொண்ட விதிகளைக் கூறி, அவற்றின் நோக்கத்தை விளக்குக.
3. ஜூனிப்பர் மரத்துக்கு உருவம் அமைக்கும் முன் பயில்வோர் உணர வேண்டிய மூன்று உண்மைகள் யாவை?
4. வளைத்த கிளை அந்நிலையிலேயே நிற்பதன் காரணத்தை எழுதுக.
5. போன்சாய் வளர்த்தல் மரத்துக்குக் கொடுமை என்பாருக்கு நீவிர் கூறும் விடை யாது?
6. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழியை இப்பாடத்தின் கருத்தோடு பொருத்தி ஒரு பத்தி வரைக.